கருடனை யாரும் கீழே போடவில்லை

இந்தப் பதிவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாக நான் எழுதுவது உங்களுக்குத் தெரியும். எந்தக் கடற்கரையில் பார்க்கிங் இலவசம், எந்தப் பூங்காவில் கறி சுட விடுவார்கள், கோர்ஃபக்கான் போகும் வழியில் எந்தக் கஃபேட்டீரியாவில் பரோட்டா பரோட்டாவாக இருக்கும் என்கிற ரகம். ப்ளஸ் டூவில் இரண்டு முறை கோட்டை விட்டவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று நீங்களும் பெரிய மனதோடு படித்துவிட்டு, "பயனுள்ள தகவல், நன்றி" என்று பின்னூட்டம் போட்டுவிட்டுப் போவீர்கள். இன்றும் தகவல் உண்டு. துபாய் அல் கூஸில் பாலித் தீவு மரச்சிற்பங்களுக்கென்று ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். எப்படிப் போவது, எப்போது போவது, எவ்வளவு ஆகும், எல்லாம் சொல்கிறேன். நடுநடுவே கத்துவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வளர்மதிக்கு ஒரு தம்பி, முத்துக்குமார். ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் கன்டெய்னர் இறக்கும் வேலை. கடந்த ஆகஸ்ட் மாதம், 2007-ல் வெயில் உச்சத்தில் இருந்தபோது, பாலித் தீவிலிருந்து ஒரு கன்டெய்னர் வந்தது. உள்ளே மரப்பெட்டிகள். அதில் பெரிய பெட்டியை ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்தது. முத்துவின் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரி, தொழிலாளர் கேம்ப், மறுபடி ஆஸ்பத்திரி என்று மூன்று மாதம் இழுத்துவிட்டு, கம்பெனி "கலாஸ்", அதாவது கதை முடிந்தது, என்று சொல்லிவிட்டது. விசா கேன்சல். சனிக்கிழமை சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு டிக்கெட். இழப்பீட்டுக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கித் தர வேண்டியிருக்கும்.

போவதற்கு முன்னால் எங்கேயாவது கூட்டிப் போகலாம் என்று போனில் கேட்டேன். கோல்டு சூக் நகைக்கடைத் தெருவைப் பார்க்கிறாயா, கட்டிக்கொண்டிருக்கிற புர்ஜ் துபாயைக் கீழே நின்று பார்க்கிறாயா, பர் துபாய் கோயிலுக்குப் போகலாமா என்று பெரிய சுற்றுலா நிறுவனம் மாதிரி அடுக்கினேன்.

"அந்தப் பெட்டிக்குள்ள இருந்தத ஒரு தடவ பாக்கணும் மச்சான்" என்றான்.

அவ்வளவுதான் அவன் கேட்டது. ஐந்து வருடம் இந்த நாட்டில் இருந்தவன் கேட்டது.

நான் ஒரு உணவுப்பொருள் கம்பெனியில் வேன் சேல்ஸ்மேன். அஜ்மானிலிருந்து ஜெபல் அலி வரை மளிகைக் கடைகளுக்கு பிஸ்கட்டும் ரஸ்க்கும் போடுகிறவன். அல் கூஸில் ஒரு கடைக்கு எதிரே "பாலியின் மரச்சிற்பங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு பேனர் தொங்கியதை இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேனரில் இருந்தது ஒரு கருடன். முத்து இறக்கிய பெட்டியில் இருந்ததும் கருடன் என்று அவன் சொல்லியிருந்தான். இவ்வளவு பெரிய கருடன் துபாய்க்கு இரண்டு வந்திருக்காது என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான். சனிக்கிழமை எனக்கு டூட்டி, சாயங்காலம் அவனுக்கு விமானம். ஆக, வெள்ளிக்கிழமை ஒன்றுதான் வழி.

அஜ்மானிலிருந்து மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். நான், வளர்மதி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் நிவேதா. வண்டி என்னுடைய பழைய நிசான் சன்னி. இறக்கத்தில் போனால் மட்டும் அதில் ஏசி குளிரும், அஜ்மானில் இறக்கமே கிடையாது. நல்லவேளை, நவம்பர். சாலிக் சுங்கம் நாலு திர்ஹம் தண்டம் அழ வேண்டாம் என்று எமிரேட்ஸ் ரோடு வழியாகவே போனேன். கேம்ப் வாசல் வரை எழுபத்திரண்டு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை மதியம் லாரிகள் குறைவு என்பதால் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டோம். மற்ற நாளில் இதே தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் வைராக்கியமும்.

முத்து கேம்ப் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, யாரிடமோ இரவல் வாங்கிய ஷூ, இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள். மேல்மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் ரூம்காரன் ஒருவன் கத்தினான்:

"டேய் முத்து, ஒன் ஆளப் பாக்கப் போறியா? நாங்கல்லாம் கேட்டோம்னு சொல்லு! அடுத்த தடவ வரும்போது கொஞ்சம் மெலிஞ்சு வரச் சொல்லு!"

"போடா டேய்" என்று முத்துவும் சிரித்தான். அந்த விபத்துக்குப் பிறகு கேம்பில் அந்தச் சிலைக்குப் பெயரே "முத்துவோட ஆளு" தானாம்.

அங்கிருந்து அல் கூஸ் முப்பது கிலோமீட்டர். போய்ச் சேர்வது பெரிதில்லை, உள்ளே போய் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிது. எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி தகரக் கூரைக் கிடங்கு, ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி தூசி. வாரத்தில் மூன்று நாள் இங்கே சரக்குப் போடுகிறவன் என்று பெருமையடித்த நான், மனைவி மகள் முன்னால் ஒரே டயர் கடையை மூன்று முறை சுற்றி வந்தேன். "அப்பா, திஸ் இஸ் த சேம் ஷாப்" என்று நிவேதா இரண்டாவது சுற்றிலேயே சொன்னாள். நான் கேட்கவில்லை. நாலேகால் மணிக்கு ஒருவழியாகப் பேனர் தென்பட்டது.

முதல் கத்தல் இங்கே.

வாசலில் ஒரு பலகை. வெள்ளிக்கிழமை குடும்பங்களுக்கு மட்டும். பக்கத்தில் நீலச் சட்டை செக்யூரிட்டி. முகத்தைப் பார்த்ததும் நம் ஆள் என்று தெரிந்தது. பேசியதும் தென்காசிப் பக்கம் என்று தெரிந்தது.

"அண்ணே, நீங்க, அக்கா, பாப்பா மூணு பேரும் போலாம். இவரு பேச்சிலர். விட முடியாது."

"இவன் பேச்சிலர் இல்லப்பா. ஊர்ல பொண்டாட்டி இருக்கு, ரெண்டு புள்ள இருக்கு."

"எனக்கு மூணு இருக்குண்ணே. நானும் இங்க பேச்சிலர்தான்."

புதிதாக வளைகுடாவுக்கு வருகிறவர்களுக்காக விளக்குகிறேன். இங்கே பேச்சிலர் என்றால் கல்யாணம் ஆகாதவன் என்று அர்த்தமில்லை. பெண்டாட்டியைக் கூட்டிவரச் சம்பளம் போதாதவன் என்று அர்த்தம். கல்யாணமாகி எட்டு வருடம் நானும் பேச்சிலராக இருந்தேன். வெள்ளிக்கிழமை ஆனால் மால் வாசலில் நிறுத்துவார்கள், பார்க் வாசலில் நிறுத்துவார்கள். ஆறு நாள் அந்த மாலுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன், அந்தப் பார்க்கில் புல் நடுகிறவன், ஏழாவது நாள் அதன் வாசலில் நின்றால் மற்றவர்களுக்குச் சங்கடமாம். இங்கேயோ உள்ளே நிற்கிற சிலைக்கு இரண்டு விரலைக் கொடுத்தவனே வாசலில் நிற்கிறான்.

இதையெல்லாம் அங்கே சொன்னேனா? இல்லை. சிரித்தேன். பன்னிரண்டு வருடம் கடைக்காரர்களிடம் பல்லைக் காட்டிப் பழகியதில், கோபம் வந்தாலும் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. "கொஞ்சம் பாத்துப் பண்ணுப்பா" என்று குழைந்தேன். அதுவும் பலிக்கவில்லை.

"விடுங்க மச்சான். நான் வண்டியில உக்காந்திருக்கேன். பாப்பா போட்டோ எடுத்துட்டு வரட்டும், பாத்துக்கிறேன்" என்றான் முத்து.

"நீ சும்மா இரு" என்றாள் வளர்மதி. பிறகு செக்யூரிட்டியிடம் திரும்பினாள். "ஏம்ப்பா, ஒரு பொம்பளையோட ஒரு ஆம்பள வந்தா அது ஃபேமிலிதானே?"

"ஆமாக்கா."

"அப்ப இது ஒரு ஃபேமிலி." தம்பியின் கையைப் பிடித்தாள், நிவேதாவை முன்னால் தள்ளினாள், கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். வெளியே நான், குடும்ப விசா வாங்கிய குடும்பத் தலைவன், பேச்சிலராக நின்றேன்.

ஐந்து நிமிடத்தில் தனியாகத் திரும்பி வந்தாள். இந்த முறை என் கையைப் பிடித்தாள். "இது அடுத்த ஃபேமிலி."

செக்யூரிட்டி, ஆள் எண்ணுவதற்காகக் கையில் வைத்திருந்த கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு முறை அமுக்கினார். "ஒங்களுக்கு இன்னும் தம்பிமாரு இருக்காங்களாக்கா?"

"ஒருத்தன் இருக்கான், ஊர்ல."

"வந்தா கூட்டிட்டு வாங்க" என்றார். கோபப்பட ஒரு ஆள் குறைந்தார்.

உள்ளே நல்ல குளிர். கிடங்கையே வெள்ளையடித்து மஞ்சள் விளக்குகள் போட்டிருக்கிறார்கள். நியாயத்தைச் சொல்ல வேண்டும், வேலைப்பாடு பிரமாதம். ஒரே பலகையில் ராமாயணம் முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள். மரத்துக்குப் பின்னால் குரங்கு, குரங்குக்குப் பின்னால் இலை, இலைக்கு நடுவே பறவை என்று விரல் நுழையாத ஆழத்திலெல்லாம் உளி போயிருக்கிறது. மான், சீதை, தூக்கிப் போகிற ராவணன், குறுக்கே பாய்கிற ஜடாயு. வேறு நாட்டு முகம், வேறு நாட்டு உடை, ஆனால் யார் யார் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதிக்கு நிவேதா கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதிக் கதை தப்பு. நான் திருத்தவில்லை, மீதிப் பாதி எனக்கும் தெரியாது.

கோபம் வந்தது அடுத்த வரிசையில். ஒரு அனுமார் குனிந்து நிற்கிறார். அவர் முதுகில் கண்ணாடி வைத்து டீப்பாய் ஆக்கியிருக்கிறார்கள். கண்ணாடியின் மேல் யாரோ குடித்துவிட்டு வைத்த காப்பிக் கோப்பை. ஆறாயிரத்து ஐந்நூறு திர்ஹம். ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்கையில் நூல் கட்டி விலைச்சீட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வளர்மதி அந்தச் சீட்டை எடுத்து, விலையைப் பார்க்காமல், அவர் முதுகுப் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

கூடத்தின் கடைசியில் நின்றது கருடன்.

என்னைவிட இரண்டு தலை உயரம். நம் கோயிலில் கருடாழ்வார் மண்டியிட்டுக் கை கூப்பி, அடக்கமாகத்தானே இருப்பார்? இது அப்படி இல்லை. வளைந்த அலகு, அதற்குள் பல், பிதுங்கிய கண், பாம்பை மிதித்த கால், இரண்டு பக்கமும் விரிந்த சிறகு. "இதென்ன சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு" என்று வளர்மதி முணுமுணுத்தாள். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

இடது சிறகின் நுனி மட்டும் வெளுப்பாக, புதிதாக இருந்தது. கீழே பாய் விரித்து ஒருவர் உட்கார்ந்து இறகு செதுக்கிக்கொண்டிருந்தார். மரத்துண்டை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சின்னக் கொட்டாப்புளியால் உளியைத் தட்டுகிற அழகைப் பார்க்கவே போகலாம். சட்டையில் கெதுத் என்று பெயர் எழுதியிருந்தது.

முத்து கருடனுக்கு நேர் எதிரே, நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். "இதானா மாப்ள?" என்று கேட்டேன்.

"இதே மூஞ்சிதான் மச்சான்."

அப்போது கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண், பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சிலையை விளக்க ஆரம்பித்தார். முதலில் வளர்மதியிடம் "மேடம், ப்ளீஸ் வேர் யுவர் ஷூஸ்" என்றார். வளர்மதிக்குப் புரிந்தது, புரியாத மாதிரி நின்றாள். பெண் ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, நிவேதா அம்மாவுக்குத் தமிழாக்கினாள். ஒரே மரத்தில் செதுக்கியதாம், சிறகு மட்டும் தனியாகச் செய்து பொருத்துவார்களாம், ஆறு பேர் ஒரு வருடம் உழைத்தார்களாம். பிறகு நிவேதா பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னடி சொல்றா?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லு."

"ஜெபல் அலில லேபரர்ஸ் கேர்லெஸ்ஸா கீழ போட்டுட்டாங்களாம். விங் ஒடஞ்சிருச்சாம். அத ரிப்பேர் பண்ண பாலிலேர்ந்து இவர வரவச்சிருக்காங்களாம். ஒரு மாசம் ஹோட்டல்ல."

கூட்டம் "அச்சச்சோ" என்று சிறகைப் பார்த்து வருத்தப்பட்டது. ஒருவர் போட்டோ எடுத்தார்.

நான் முத்துவைப் பார்த்தேன். அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. லேபர், கேர்லெஸ் இரண்டும் அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள். கம்பெனி கையெழுத்து வாங்கிய காகிதத்தில் அந்த இரண்டும் இருந்தன.

இரண்டாவது கத்தல். ஒரு மரச்சிறகின் நுனி உடைந்தால், கடல் தாண்டி ஆளை வரவழைத்து, ஹோட்டலில் வைத்து, இறகு இறகாகச் சரிசெய்யத் தெரிகிறது. விரல் போனவனை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கேம்பில் கொண்டு வந்து இறக்கிவிடவும் தெரிகிறது. கெதுத் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் வேலையை அவர் பார்க்கிறார். ஆனால் கேர்லெஸ் யார்? இதையும் நான் அங்கே சொல்லவில்லை. நெஞ்சுக்குள் இங்கிலீஷில் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். "எக்ஸ்கியூஸ் மி" வரை தயாராகியிருந்தது.

வளர்மதி தம்பியைப் பார்த்து நேராகக் கேட்டாள். "நீயாடா கீழ போட்ட?"

"இல்லக்கா."

"பின்ன?"

"பெட்டி சாஞ்சா விட்டுட்டுப் பின்னால வந்துரணும்க்கா. ட்ரெயினிங்ல அதான் மொதப் பாடம். போன வாரம் வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும். கூட நின்னவனுங்க எல்லாம் வந்துட்டானுங்க."

"நீ ஏன்டா வரல?"

முத்து கருடனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பெட்டியில ஒரு பலகை பேந்து போயிருந்துச்சு. உள்ள மூஞ்சி தெரிஞ்சுச்சு. கருடாழ்வாரு மூஞ்சி குப்புற விழப் போறாரு. கை போயிருச்சுக்கா. நான் அனுப்பல, அதுவாப் போயிருச்சு."

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் கருட சேவைக்கு வாகனம் தூக்குகிறவர்களில் முத்துவும் ஒருவன். பதினேழு வயதிலிருந்து தோள் கொடுத்தவன். வீதியில் ஒருத்தன் கால் இடறி, தண்டு ஒரு பக்கம் இறங்கினால், பக்கத்தில் இருப்பவன் விலக மாட்டான். விலகக் கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் தோளும் கையும் போகும். ஜெபல் அலி ட்ரெயினிங்கில் இரண்டு மணி நேரம் படம் போட்டுக் காட்டிய பாடத்தை, ஒன்பது வருடம் தூக்கிய தோள் கேட்கவில்லை. பெட்டியின் விளிம்புக்கும் இரும்பு ரேக்குக்கும் நடுவே அவன் கை நின்றது. பெட்டி அங்கே ஒரு நொடி தங்கி, பக்கவாட்டில் திரும்பி விழுந்தது. முகம் தப்பியது. சிறகு நுனி அடிபட்டது.

"இத ஆபீஸ்ல சொல்லலியா?" என்றேன்.

"ஏன் கைய உள்ள விட்டேன்னுதான் மச்சான் கேட்டாங்க. சாமி விழுந்துச்சுன்னு எந்த பாஷையில சொல்றது? சிரிப்பானுங்க. தப்பு என் மேலதான்னு சொல்லிட்டேன்."

நான் இன்னும் "எக்ஸ்கியூஸ் மி"யிலேயே நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் நிவேதா முன்னால் போய்விட்டாள். கறுப்புக் கோட்டுப் பெண்ணின் கையைத் தட்டி, கூட்டத்துக்கு நடுவே, தன் பள்ளிக்கூட இங்கிலீஷில் கணீரென்று சொன்னாள். அது என் மாமா. அவர் போடவில்லை. அவர் பிடித்தார். பிடித்ததால்தான் முகம் இருக்கிறது. அவர் விரல்தான் போனது.

கூட்டம் சிலையை விட்டுவிட்டு முத்துவைப் பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறேன்" என்றார். வளர்மதி தமிழிலும் ஹிந்தியிலுமாகக் குரலை உயர்த்தினாள். "யாரு சொல்லிக் குடுத்தா? அவன வரச் சொல்லு! இதர் புலாவ்!" சூட் போட்ட மேனேஜர் ஓடி வந்தார். அவர் சொன்னதைக் கேளுங்கள், அதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். "தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். இங்கே குடும்பங்கள் இருக்கிறார்கள்."

"நாங்க யாராம்?" என்றாள் வளர்மதி. நிவேதா அதையும் மொழிபெயர்த்தாள். கதையை மாற்றிச் சொல்வது பற்றி மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார் மேனேஜர்.

இதற்குள் கெதுத் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தார். முத்துவின் மணிக்கட்டைப் பிடித்து, கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தார். தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அவனை அழைத்துப் போய், கருடனின் அலகை, கன்னத்தை, பிதுங்கிய கண்ணைத் தொட்டுக் காட்டினார். தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். இன்னும் சாமி இல்லை. பூஜை செய்யவில்லை. வெறும் மரம்.

அவரும் நம்மைப் போலக் கும்பிடுகிறவர்தான். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், சாமிக்கு ஒன்றும் குறைவில்லை, கவலைப்படாதே என்கிற மாதிரி. ஆனால் எனக்கு, வெறும் மரத்துக்கா இரண்டு விரல் என்றுதான் கேட்டது.

"என்னம்மா சொல்றாரு?" என்று முத்து நிவேதாவைக் கேட்டான்.

நிவேதா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "மூஞ்சில ஒரு கீறல்கூட இல்லன்னு சொல்றார் மாமா."

முத்து தலையை ஆட்டினான். பதினோரு வயதுப் பெண்ணிடம் நான் அன்று கற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பு இது. திருத்தவில்லை.

வெளியே வரும்போது அந்தப் பெண் அடுத்த கூட்டத்தைக் கருடன் முன்னால் நிறுத்தியிருந்தார். எங்களை ஒருமுறை பார்த்தார், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார், அதே பாடத்தைச் சொன்னார். லேபரர்ஸ் என்ற வார்த்தை கதவு வரை கேட்டது.

திரும்பும் வழியில் நிவேதா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். கேம்ப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முத்து முன்சீட்டில் மெதுவாகச் சிரித்தான்.

"மச்சான், அவரு வெறும் மரம்னுதானே சொன்னாரு? உட்னா மரம். தெனம் நூறு பெட்டியில அதான எழுதியிருக்கும்."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"பாப்பாகிட்ட சொல்லிறாதீங்க. கண்ணு தெறக்காத செலை சாமியில்லன்னு எனக்குத் தெரியாதா? கை போறப்ப அதெல்லாம் யாரு பாத்தா."

நேற்று அவனை விமானம் ஏற்றிவிட்டோம். இனி தகவல்.

காட்சி ஜனவரி கடைசி வரை இருக்கிறது. நுழைவு இலவசம். சனி முதல் வியாழன் வரை காலை பத்து முதல் இரவு ஒன்பது. வெள்ளி மாலை நாலு முதல் ஒன்பது. பர் துபாயிலிருந்து டாக்ஸிக்கு இருபத்தைந்து திர்ஹம் ஆகும், டிரைவரிடம் பேனரில் கருடன் இருக்கும் கிடங்கு என்று சொல்லிவிடுங்கள். வாசலில் தாராளமாக நிறுத்த இடமுண்டு. எனக்கு அன்று பெட்ரோல், எல்லோருக்கும் டீ, சமோசா எல்லாம் சேர்த்து ஐம்பத்தாறு திர்ஹம் ஆனது. உள்ளே காப்பி குடிக்காதீர்கள், பன்னிரண்டு திர்ஹம், கோப்பையை வேறு அனுமார் முதுகில் வைக்கச் சொல்வார்கள். ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுக்கலாம். மரத்தின் பெயர் சுவார் என்று எழுதியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து நிவேதா தேடிப் பார்த்ததில் அது நம் ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரம். ராமாயணப் பலகையை மட்டும் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சிலர்கள் வியாழன் மாலை போவது உத்தமம். வெள்ளிதான் முடியும் என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், வளர்மதியை அனுப்புகிறேன். ஒரு மணி நேரத்தில் பத்துக் குடும்பம் ஆக்கிவிடுவாள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போகும்போது கெதுத் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார். புது இறகு எது, பழைய இறகு எது என்று தெரியாதபடி சாயம் பூசியிருப்பார்கள். கறுப்புக் கோட்டுப் பெண் உங்களைக் கருடன் முன்னால் நிறுத்தி, ஜெபல் அலியில் தொழிலாளிகள் கவனமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள் என்று ஆரம்பிப்பார். அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டாம். கையை மட்டும் தூக்குங்கள். போடவில்லை, பிடித்தார், பெயர் முத்துக்குமார் என்று சொல்லுங்கள். இங்கிலீஷ் வராவிட்டால் ஹிந்தியில் சொல்லுங்கள், அதுவும் வராவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது, அங்கே குடும்பங்கள் நிறைய இருப்பார்கள்.